காணாமற்போன நாலு சதவீதம்

கணிதம் கற்பிப்பது என்பது, வாங்க வருகிறவர் எல்லோரும் ஏற்கெனவே வெறுத்து முடித்துவிட்ட ஒரு பண்டத்தை அன்றாடம் விற்கும் தொழில். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும், வீட்டில் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, சற்று நேரத்தில் குரலை உயர்த்தி, இன்னும் சற்று நேரத்தில் எழுந்து போய்விடுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள். ஒருவர் மருந்தை இன்னொருவர் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் முதுகலைக் கணிதம் படித்தவள். கணவருக்கு ஏலூரில் வேலை. அதனால் கொச்சிக்கு வந்தேன். மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம், ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருக்கும் ட்யூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறேன். கீழே சுக்கும் மிளகும், மேலே இயற்கணிதமும் முக்கோணவியலும். காரம் இரண்டு தளத்திலும் ஒன்றுதான். சென்டரை நடத்துபவர் சேவியர் சார், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், சாக்பீஸைத் தவிர வேறெந்தக் கருவியையும் நம்பாதவர். பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் எழுதி, கணக்கைக் கண்டு மட்டும் ஆங்கிலத்தில் பயப்படுகிறவர்கள். இவர்களுக்கு இணையத்தில் ஏதாவது உதவி கிடைக்குமா என்று தேடப் புறப்பட்டபோது நடந்தவை இவை.

சும்மா கிடைக்கும் சரக்கு

தேடியபோது வியப்பாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பாடத்தையும் சிறு சிறு துண்டுகளாக விளக்கும் வீடியோக்கள், மாணவரின் திறமைக்கேற்ப வினாக்களை ஏற்றியும் இறக்கியும் தரும் பயிற்சித் தளம், சமன்பாட்டை எழுதினால் உடனே வரைபடம் போட்டுக் காட்டும் தளம், விரலால் இழுத்தால் உருமாறும் வடிவியல் பலகை என்று எல்லாமே இருந்தன, எல்லாமே இலவசம். ஒவ்வொன்றையும் நானே மாணவியாக உட்கார்ந்து சோதித்தேன். தேறியவற்றை மட்டும் பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டேன். மழை பெய்தால் வகுப்பு உண்டா இல்லையா என்பதற்கு மணிக்கணக்கில் வாதிடும் அந்தக் குழு, அன்று மயான அமைதி காத்தது.

மறுநாள் ஹனீபா மாடியேறி வந்தார். இரண்டு சந்து தள்ளிச் சுக்குக் கடை வைத்திருப்பவர். பொள்ளாச்சிப் பக்கத்து ராவுத்தர் குடும்பம். மகள் நஸ்ரியா என்னிடம் பத்தாம் வகுப்புப் பாடம் படிக்கிறாள். இதையெல்லாம் நடத்துவது யார், அவர்களுக்குப் படியளப்பது யார், பின்னால் போன் செய்து தொந்தரவு செய்வார்களா என்று வரிசையாகக் கேட்டார். நன்கொடையில் நடக்கிறது, விளம்பரம்கூட இல்லை என்றேன். நான் ஏமாந்துவிட்டேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. படியிறங்கும்போது, எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னார்:

"சும்மா குடுக்கற சரக்குல எங்கேயாவது கல்லு கெடக்கும் டீச்சர். நான் சுக்குக் கடைக்காரன், எனக்குத் தெரியாதா?"

நூற்றெண்பதை உடைக்க வந்தவர்

அந்த வடிவியல் பலகையில் ஒரு முக்கோணம் இருக்கிறது. அதன் முனை எதையாவது விரலால் பிடித்து இழுத்தால், மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும். மூன்றையும் கூட்டினால் மட்டும் எப்போதும் நூற்றெண்பது பாகை. ஒரு மாலை இதை வகுப்பில் காட்டிக்கொண்டிருந்தபோது, மின்விசிறியை அணைக்க வந்த சேவியர் சார் அப்படியே நின்றார். "இது இழுக்காமோ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இழுத்தார். முக்கோணம் ஊசியானது, தோசைக்கரண்டியானது, தலைகீழானது. நூற்றெண்பது அசையவில்லை. அவர் வம்சத்துப் பகையைத் தீர்க்க வந்தவர்போல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கடைசியில் ஜெயித்தார். திரையில் தெரிந்த மூன்று கோணங்களையும் கரும்பலகையில் எழுதிக் கூட்டினார். நூற்றெண்பது புள்ளி ஒன்று வந்தது. பிள்ளைகள் திரண்டுவிட்டார்கள். பலகை ஒவ்வொரு கோணத்தையும் ஒரு தசம இடத்துக்கு முழுதாக்கிக் காட்டுகிறது, அந்தச் சில்லறைதான் இப்படிச் சேர்ந்துகொள்கிறது என்று நான் விளக்குவதற்குள், ஆளுக்கொரு முனையை இழுக்கத் தொடங்கினார்கள். நூற்றெழுபத்தொன்பது புள்ளி ஒன்பதும் அகப்பட்டது. நூற்றெண்பது புள்ளி இரண்டு மட்டும் ஏன் வரவே மாட்டேன் என்கிறது என்று நஸ்ரியா கேட்டாள். அந்த ஆண்டு என் வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விகளுள் மிகச் சிறந்தது அதுதான். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்று சிறு பிழைகள் கைகோத்தாலும் எவ்வளவு தூரம்தான் போக முடியும் என்று அவர்களே கண்டுபிடித்தபின் கலைந்தார்கள். சேவியர் சார் மட்டும் சமாதானமாகவில்லை:

"இத்தனை வருஷம் நான் சாக்பீஸ்ல வரைஞ்ச ஒரு திரிகோணமும் என்னை இப்படிச் சதிச்சதில்லை டீச்சரே."

அவர் போனதும்

இப்படியொரு கேள்வி கேட்கத் தெரிந்த நஸ்ரியாவுக்குத் தேர்வுத்தாளில் பின்னங்களைக் கூட்டத் தெரியாது. கூர்மையான பெண்தான். ஆனால் கீழ்வகுப்புகளில் எங்கோ ஒரு படி இடிந்து கிடந்தது. அதைத் தாண்டித் தாண்டியே பத்தாம் வகுப்புவரை வந்துவிட்டாள். அவளுக்குக் கண் பரிசோதகராக வேண்டும். ஒருமுறை தன் கண்ணுக்குக் கண்ணாடி போடப் போனபோது, அங்கிருந்த பெண் ஒரு கருவியின் வழியே பார்த்து லென்ஸ் எண்ணைச் சொன்னதிலிருந்து பிடித்த ஆசை. அதற்கு ப்ளஸ் ஒன்னில் சயன்ஸ் எடுக்க வேண்டும். அவளுடைய அத்தா ஹனீபா ஒரே நிபந்தனை விதித்திருந்தார். பத்தாவதில் கணக்குக்கு ஏ கிடைத்தால் சயன்ஸ். இல்லையென்றால் படிப்பு போதும், எறணாகுளம் பிராட்வேயில் மாமாவின் கடையில் பில் அடிக்க உட்கார வேண்டும்.

வீடியோக்களை அவள் ஒன்றுவிடாமல் பார்த்தாள். நல்ல வீடியோக்கள் அவை. குரலை உயர்த்தாத, முகத்தைச் சுளிக்காத, எத்தனை முறை கேட்டாலும் அலுக்காத ஓர் ஆசிரியர். எனக்கே அவர்மேல் சிறிது பொறாமை. பார்த்துவிட்டு வந்து "மனசிலாயி டீச்சர்" என்பாள். அதே கணக்கைத் தாளில் கொடுத்தால் பேனாவைக் கடிப்பாள். புரிந்தது என்பதும் செய்ய வரும் என்பதும் வேறு வேறு என்று நான் ஒரு முழு மாலை விளக்கினேன். அவள் அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்:

"வீடியோவுல அவர் போடறப்ப எனக்கும் வருது டீச்சர். அவர் போனதும் அதுவும் கூடவே போயிருது."

கேமரா போட்ட விடை

நான் பரிந்துரைக்காத ஒன்றைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்தார்கள். வினாவைக் கேமராவால் படம் பிடித்தால் விடையைப் படிப்படியாக எழுதிக் காட்டும் செயலி. வைப்பின் தீவிலிருந்து படகேறி வரும் ஆஷிக்குக்கு அது தெய்வம் அனுப்பிய துணை. அக்கரையில் ஏறும்போது வெறுமையாக இருந்த நோட்டு இக்கரையில் இறங்கும்போது நிறைந்திருக்கும். கையெழுத்துக் கோணல்கூடப் படகின் ஆட்டத்தால் என்று நம்பியிருப்பேன். ஆனால் ஒருநாள் இருபடிச் சமன்பாட்டின் மூன்றாம் வரிக்குக் கீழே, அழகாக அடிக்கோடிட்டு, 'மேலும் காண இங்கே தொடவும்' என்றும் எழுதியிருந்தான்.

தொட்டேன், அவன் காதை. அவன் வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தேன். நியாயம் கேட்டான்:

"ஆன்ஸர் கரெக்டு தானே டீச்சர்? பின்னே அதை யாரு போட்டா என்ன?"

ஏறும் ஏணி

யார் போட்டால் என்ன என்ற கேள்வியின் முழுக் கனமும் அடுத்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பயிற்சித் தளம் ஓர் ஏணியைப்போல் வேலை செய்வது. சரியாகப் போட்டால் ஒரு படி மேலே கடினமான வினா; தவறினால் ஒரு படி கீழே. ஆசிரியர் பக்கத்தில் ஒவ்வொரு மாணவரும் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரியும். நஸ்ரியா விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தாள். பின்னம், விகிதம், சதவீதம் என்று தாண்டித் தாண்டிக் கூட்டுவட்டிக்கே போய்விட்டாள். வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்திப் பாராட்டினேன். அவள் என்னை முறைத்தாள். அந்த வாரத் தேர்வில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள்.

ஆஷிக்கின் கேமராதான் என்று முதலில் எண்ணினேன். ஆனால் கேமரா தவறு செய்யாது. இந்த ஏணியிலோ தவறுகள் இருந்தன, அவையும் இரண்டு விதமாக. நஸ்ரியாவின் பிழைகள் எனக்கு அவள் முகத்தைப்போலப் பழக்கம். கழித்தல் குறி அவள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அவை மாலை வேளைப் பயிற்சியில் இருந்தன. அவள் பள்ளியில் இருக்கும் முற்பகலிலும் யாரோ பயிற்சி செய்திருந்தார்கள். அந்த ஆள் கழித்தல் குறியை ஒருநாளும் தவறவிடவில்லை. ஆனால் எட்டில் ஆறு என்று வந்தால் அதை நாலில் மூன்றாகச் சுருக்காமல் அப்படியே விட்டுவிடும் பழக்கம். பாடத்திட்டம் மாறுவதற்கு முன்பு எங்கோ படித்து, பாதியில் விட்ட கை. யார் அது? எனக்குக் கோபத்தைவிட ஆவலே மிகுந்தது. ஒரு மாணவியின் பெயருக்குள் புகுந்து, யாரும் கேட்காமலேயே, மதிப்பெண்ணும் இல்லாமல், தினமும் கணக்குப் போடும் ஒருவரை இத்தனை வருடத்தில் நான் சந்தித்ததில்லை.

நஸ்ரியாவைத் தனியே அழைத்து நேரடியாகக் கேட்டேன்: உனக்காக யார் போடுகிறார்கள்? யாரும் இல்லை என்று அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. மாலையில் போனைத் திறந்தால் தெரிந்த கணக்கு ஒன்றுகூட வருவதில்லையாம். இறங்கி இறங்கிச் சற்று மூச்சு விடும் இடத்துக்கு வந்தால், மறுநாள் மறுபடியும் உச்சியில் நிறுத்துகிறதாம். தனக்குத்தான் மண்டையில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியிருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"அதுக்கு என்னைக் கண்டாலே ஆகாது டீச்சர். அத்தாகிட்ட சொல்லிட்டேன், நான் பில்லுக்கே உக்காந்துக்கறேன்னு."

சண்டைக்கு வந்தவர்

இரண்டு நாள் கழித்து, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே நஸ்ரியாவின் அம்மா ஷரீபா வந்தார். காலையில் பத்திரி என்னும் அரிசி ரொட்டி சுட்டுப் பக்கத்து ஓட்டல்களுக்குக் கொடுப்பவர்; பர்தாவின் விளிம்பில் அரிசி மாவு ஒட்டியிருந்தது. மகள் படிப்பை விடுவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று எழுந்தேன். அவர் வேறு சண்டையோடு வந்திருந்தார்.

"டீச்சர், உங்க சைட்டு தப்புக் காட்டுது. மோள் சரியாப் போட்டதைத் தப்புன்னு வெட்டிருச்சு."

"எந்த வினா?" என்றேன்.

"ஒரு சாமானுக்கு வெல இருபது சதமானம் ஏறுது. பின்னே, அதே இருபது எறங்குது. இப்ப என்ன வெலன்னு கேக்குது. பழைய வெலதானே? இல்லையாம், நாலு சதமானம் கம்மியாம். ஏறினதும் இருபது, எறங்கினதும் இருபது. அந்த நாலு எங்கே போச்சு டீச்சர்? யாரு எடுத்தா?"

கேள்வி எனக்கு அவ்வளவு பிடித்திருந்ததால், அதில் ஒளிந்திருந்த செய்தியை நான் கவனிக்கவில்லை. நஸ்ரியா கவனித்தாள். "அம்மா, எனக்கு அப்படி ஒரு கேள்வி வரவே இல்லையே" என்றாள். வாசலில் நின்றிருந்த சேவியர் சார், "பின்னே ஆருக்கா வந்தது?" என்றார். ஷரீபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

போன் வீட்டில்தான் இருக்கும். தினமும் காலையில் அதில் ஒரு தீச்சுடரின் படமும், நஸ்ரியாவின் பெயரும், இன்றைய பயிற்சியைச் செய்யாவிட்டால் சுடர் அணைந்துவிடும் என்ற எச்சரிக்கையும் வரும். பிள்ளைகளை ஊக்குவிக்கத் தளம் செய்யும் சில்லறைத் தந்திரம் அது. ஷரீபா அதை வருகைப் பதிவு என்று நினைத்திருக்கிறார். அவர் படித்த பள்ளியில் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை வெட்டிவிடுவார்கள். அவருடைய பெயரையும் எட்டாம் வகுப்பில் அப்படித்தான் வெட்டினார்களாம். மகளுக்கு அது நேரக்கூடாதென்று, அவள் பள்ளிக்குப் போனபின், அவள் சார்பில் ஆஜர் கொடுத்திருக்கிறார். ஓரத்தில் தமிழ் என்று எழுதியிருந்ததைத் தொட்டதும் வினாக்கள் தமிழில் வந்தன. முடித்ததும் மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்துவிடுவார், போனை எடுத்த இடத்திலேயே வைப்பதுபோல. அவர் சரியாகப் போடப்போட, ஏணி உயர்ந்தது. மாலையில் அந்த உயரத்திலிருந்து கீழே விழுந்தது மகள்.

"அப்ப, எனக்கு ஒண்ணும் தெரியலைன்னு நான் அழுததெல்லாம் உன்னாலயா?" என்றாள் நஸ்ரியா. ஷரீபாவின் முகம் வெளுத்தது. யாராவது ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கரும்பலகையில் நூறு என்று எழுதினேன், அதில் இருபது சதவீதம் ஏற்றி நூற்றிருபது என்று எழுதினேன். இனி இதில் இருபது சதவீதம் எவ்வளவு என்று கேட்டேன். ஷரீபா உதடு அசையாமல் யோசித்தார். "இருபத்திநாலு" என்றார். பிறகு மெதுவாக, "ஏறுனது சின்னதுமேல. எறங்குனது பெரிசுமேல" என்றார். பிறகு மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் சொன்னது மன்னிப்பா வாக்குமூலமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை:

"பேரு வெட்டாம இருக்கத்தான் டீச்சர் மொதல்ல தொட்டேன். பின்னே, அந்த நாலு எங்கே போச்சுன்னு தெரியாம எப்படி விடறது?"

மூன்று கட்டங்கள்

நஸ்ரியா அன்று அம்மாவோடு வீட்டுக்குப் போகவில்லை. பத்தடி முன்னால் போனாள். ஆனால் மறுநாள் வந்தாள். தன் மண்டை காலியில்லை, ஏணிதான் வேறொருவர் உயரத்தில் நின்றது என்ற செய்தி ஓர் இரவில் உள்ளே இறங்கியிருந்தது. ஆசிரியர் பக்கத்திலிருந்து அவளுடைய ஏணியைப் பின்னம்வரை இறக்கினேன். "இவ்வளவு கீழயா டீச்சர்?" என்றாள். "நீ நிற்கிற இடத்துக்கு" என்றேன். எனக்கு இதமாகப் பேச வராது. பின்னங்களுக்கும் அது தேவைப்படவில்லை. அந்த வார முடிவில், தளம் முதன்முறையாக அவளுக்குத் தெரிந்ததைக் கேட்டது.

ஷரீபாவுக்குத் தனியே ஒரு பயனர் பெயர் திறக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, இனித் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அது யாருக்கும் உதவாத சத்தியம் என்றேன். அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் போனை வைத்துக்கொண்டு சென்டரிலேயே உட்கார்ந்தோம். தளம் முதலில் ஒரு கேள்வி கேட்கும்: நீங்கள் யார்? கீழே மூன்று கட்டங்கள்: மாணவர், பெற்றோர், ஆசிரியர். ஷரீபாவின் விரல் திரைக்கு மேலே அப்படியே நின்றது. "பெற்றோர்னு இருக்குல்லம்மா, அதைத் தொடு" என்றாள் நஸ்ரியா. கோபம் முழுதும் ஆறாத குரல். ஷரீபா தொடவில்லை. கட்டங்களை மறுபடி ஒருமுறை படித்தார், மாணவர் என்பதைத் தொட்டார். மகள் ஏறிட்டுப் பார்த்ததும், மாவு மிஷினில் தானியத்தை மாற்றிக் கொட்டிவிட்டவர்போல் விளக்கம் சொன்னார்:

"அதான் தெரிஞ்சதாச்சே மோளே. தெரியாததைத் தொட்டாத்தானே ஏதாவது கெடைக்கும்."

சாம்பிளும் டெலிவரியும்

அதன்பின் அந்த வீட்டில் நடந்ததை நஸ்ரியா சொல்லித்தான் அறிவேன். சதவீதத்தில் அம்மா முன்னால். இயற்கணிதத்தில் மகள் முன்னால். கழித்தல் குறியை விட்டுவிட்டால் அம்மா அடுப்படியிலிருந்தே கூவுவார். பின்னத்தைச் சுருக்காமல் விட்டால் மகள் விடமாட்டாள். சேவியர் சார் இதைக் கேட்டுவிட்டு, இனி இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே ட்யூஷன் போதும் என்று, எனக்கு நல்லதா கெட்டதா என்று தெரியாத ஒரு கருத்தை வெளியிட்டார்.

தேர்வு முடிவு வந்தது. மற்ற பாடங்களில் எல்லாம் ஏ. கணக்கில் பி ப்ளஸ். பின்னம் கூட்டத் தெரியாமல் ஆண்டைத் தொடங்கிய பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய தூரம் என்பது நம்மைப் போன்ற நோயாளிகளுக்குத் தெரியும். ஹனீபாவுக்கு அது ஏ இல்லை. குடும்பத்தோடு மாடியேறி வந்தார். நஸ்ரியா கதவருகே நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டாள், மறுபடி கழற்றினாள். "சாம்பிள் ஒண்ணு, டெலிவரி ஒண்ணுன்னா சரக்கு எடுப்பாங்களா டீச்சர்? நான் ஏ-ன்னுதான் பறஞ்சேன்" என்றார் ஹனீபா. மகள் சுக்கு இல்லை என்றேன். சயன்ஸில் சேர பி ப்ளஸ் போதும், விண்ணப்பத்தைப் போட்டால்தான் இடம் கிடைக்குமா என்பதாவது தெரியும் என்றேன். சொன்ன சொல் சொன்னதுதான் என்றார். வியாபாரிகளிடம் நான் மதிக்கும் குணம் அது, என் மாணவியின் குறுக்கே வந்து நிற்காதவரை.

அன்று மாலையே விண்ணப்பத்தில் சயன்ஸை முதலில் போட்டார்கள். என் வாதத்திறமைதான் காரணம் என்று எழுத ஆசைதான். கூட வந்திருந்த ஷரீபா கேட்ட ஒரு கேள்விதான் காரணம்:

"பில்லடிக்க இவளோட கணக்குல கால்வாசி போதுங்க. மிச்சம் முக்காலையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டறது?"

கணிதம் கற்க இணையத்தில் நான் தேடிக் கண்டுபிடித்த பயனுள்ள வளங்களுள் முதலிடத்துக்குரியது எந்தத் தேடலிலும் அகப்படாது என்பதையும், கொச்சங்காடியில் காலைப் பத்திரி முழுவதும் சுட்டு முடித்த பிறகே அது இணைப்பில் வரும் என்பதையும், உங்கள் வாட்ஸாப் குழுக்களில் தயங்காமல் பகிர்ந்துகொள்ளலாம்.